உம் கொட்டும் மூளை

1885 ஜூன் மாத 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் குறிப்பு வந்தது. எழுதியவர் பிரான்சிஸ் கால்ட்டன். கைரேகையை வகைப்படுத்தியவர், வானிலை வரைபடத்தை நாளிதழில் அச்சிட வைத்தவர். இனமேம்பாடு என்ற பெயரில் அவர் விதைத்த கருத்து பிற்காலத்தில் பெருங்கேடு செய்தது; அதையும் சொல்லாமல் விட முடியாது. கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணிப் பார்ப்பது அவர் சுபாவம். அந்தக் குறிப்பின்படி, அவர் போயிருந்த ஒரு கூட்டத்தில் அரங்கு நிரம்பியிருந்தது. பேச்சோ சவசவவென்று போய்க்கொண்டிருந்தது. கால்ட்டன் கேட்போரை எண்ண ஆரம்பித்தார். அரைவட்ட அரங்கு. மாடத்தைத் தாங்கும் தூண்களில் இரண்டுக்கு நடுவே சுமார் 50 பேர் அவர் பார்வைக்குள் வந்தார்கள். அந்த 50 பேரும் சேர்ந்து நிமிடத்துக்கு எத்தனை முறை நெளிகிறார்கள்? இடம் மாற்றி மாற்றிப் பார்த்தும் விடை ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது: 45. கண் தவறவிட்டதையும் சேர்த்து, ஆளுக்கு நிமிடத்துக்கு ஒரு நெளிவு என்று கணக்கு வைத்துக்கொண்டார். பேச்சில் எப்போதாவது சுவையான இடம் வந்தபோது அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. நெளிந்தவர்களும் சின்னதாக நெளிந்து சட்டென்று அடங்கினார்கள்.

கூட்டத்தில் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தால் பக்கத்து நாற்காலிக்காரர் கவனித்துவிடுவார். அதனால் தன் மூச்சையே கடிகாரமாக்கிக்கொண்டதாகத் தன்வரலாற்றில் சொல்கிறார். நிமிடத்துக்கு 15 மூச்சு.

பள்ளிகளிலும் கிளை நூலகங்களிலும் பல ஆண்டுகளாக அறிவியல் பேசிவருகிறவன் நான். கால்ட்டன் எண்ணிய அந்த நெளிவை மேடையிலிருந்து பார்த்துப் பழகியிருக்கிறேன். முதலில் நாற்காலி கிரீச்சிடும். பிறகு அழைப்பிதழ் விசிறியாகும். அதற்கப்புறம் அங்கங்கே முகங்களில் செல்போன் வெளிச்சம் நீலமாக விழும். இதெல்லாம் மரியாதைக் குறைவால் நடப்பதாக மனம் நோகிற பேச்சாளர்கள் உண்டு. நெளிகிற உடம்பு மரியாதை பற்றி எதுவும் சொல்வதில்லை. மூளைக்கு அந்த நேரத்தில் வேலை இல்லை என்பதைத்தான் சொல்கிறது.

கவனத்தைப் பற்றிப் பேச்சுப் பயிற்சி வகுப்புகளில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு: மனிதர்களால் பத்து அல்லது பதினைந்து நிமிடம்தான் தொடர்ந்து கவனிக்க முடியும், அதற்குமேல் முடியாது. கேட்க நியாயமாக இருக்கிறது. 2007இல் கரேன் வில்சன், ஜேம்ஸ் கார்ன் என்ற இரு உளவியலாளர்கள் இந்தக் கூற்றின் வேரைத் தேடிப் போனார்கள். ஒருவர் மற்றொருவரை மேற்கோள் காட்ட, அவர் இன்னொருவரைக் காட்ட, அடியில் உறுதியான சான்று எதுவும் இல்லை என்பதே அவர்கள் கண்டது. மூன்று ஆண்டுகள் கழித்து வேதியியல் பேராசிரியர் டயேன் பன்ஸும் உடன் ஆய்வாளர்களும் மாணவர் கையில் பொத்தான் வைத்த சிறு கருவிகளைக் கொடுத்தார்கள். கவனம் சிதறி மீண்டதை உணரும்போதெல்லாம் அழுத்தவேண்டும். வகுப்பு தொடங்கி அரை நிமிடத்திலேயே முதல் அலை வந்துவிட்டது. அடுத்தது ஐந்தாவது நிமிட வாக்கில், பிறகு ஏழிலிருந்து பத்து நிமிடத்துக்குள், கடைசிப் பகுதியில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை. பெரும்பாலான சிதறல்கள் ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஆக, பதினைந்து நிமிடம் எரிந்துவிட்டு அணைந்துபோகும் விளக்கு போன்றதல்ல கவனம். காற்றில் ஆடும் சுடர் மாதிரி ஓயாமல் அலைந்து அலைந்து திரும்பும். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஆசிரியர் செய்முறை ஒன்றைக் காட்டியபோதும் கேள்வி கேட்டு விடை வாங்கியபோதும் சிதறல் குறைந்தது. அது முடிந்து மறுபடி சொற்பொழிவுக்குத் திரும்பிய பிறகும் அந்த நன்மை கொஞ்ச நேரம் தங்கியது.

ஏன் அப்படி? இதற்கு விடை தேடினால், கேட்பது என்றால் என்ன என்ற கேள்வியில் போய் நிற்கிறோம்.

2010இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கிரெக் ஸ்டீஃபன்ஸ், லாரன் சில்பர்ட், யூரி ஹாசன் மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்தபடி ஒரு பெண் தன் பள்ளி நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னார். ஒத்திகை இல்லை, எழுதி வைத்துப் படிக்கவும் இல்லை. அக்கம்பக்கத்தில் பேசுவதுபோல் பதினைந்து நிமிடம். அவர் மூளையின் எந்தப் பகுதி எப்போது கிளர்ந்தது என்பது பதிவாயிற்று. பிறகு வேறு சிலர் அதே கருவிக்குள் படுத்து அந்தப் பதிவைக் கேட்டார்கள். சொன்னவர் மூளையில் எழுந்த அலைக்கோலம், கேட்டவர்கள் மூளையிலும் சற்றுத் தாமதித்து எழுந்தது. ரஷ்ய மொழி தெரியாதவர்களுக்கு ரஷ்யக் கதை ஒன்றைப் போட்டபோது இந்த ஒத்திசைவு மறைந்துவிட்டது. காதில் ஒலி விழுவது மட்டும் போதாது என்று இதிலிருந்து தெரிகிறது.

என்னை உலுக்கியது இதற்கடுத்த கண்டுபிடிப்பு. மூளையின் சில பகுதிகளில் கேட்பவர் பின்தங்கவில்லை. முந்தியிருந்தார். பேசுபவர் மூளையில் ஒரு கோலம் எழுவதற்குச் சில கணங்கள் முன்பே கேட்பவர் மூளையில் அது எழுந்துவிட்டது. கதையை யார் நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்று பின்னர் கேள்வி கேட்டு மதிப்பிட்டபோது, இப்படி முந்தி ஓடியவர்களே அதிகம் புரிந்துகொண்டவர்கள் என்று தெரிந்தது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமான அனுபவமல்ல. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். "அந்தச் சிறுமி கிணற்றடியில் கிடந்த பாம்பைக் கையால்..." என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள். பிடித்தாளா, தொட்டாளா, தூக்கி எறிந்தாளா? எதிரில் இருப்பவர் மனம் ஓடிப்போய் அந்த வினைச்சொல்லின் வாசலில் நிற்கும். சொல் வரும்வரை நகராது. மூளை இப்படி எந்நேரமும் அடுத்த சொல்லை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது என்பதற்கு 1980இலேயே மார்த்தா கூட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் மூளையின் மின் அலைகளிலிருந்து சான்று கொடுத்தார்கள். 'பாட்டி இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் செருப்பு அரைத்தாள்' என்பது போன்ற, பொருள் இடறும் வாக்கியங்களைக் கொடுத்தபோது, இடறும் சொல் வந்து சுமார் 400 மில்லி நொடியில் தலையில் பொருத்திய மின்முனைகள் ஒரு துள்ளலைப் பதிந்தன. கண்டுபிடித்தவர்கள் அதற்கு 'என்400' என்று பெயரிட்டார்கள். எதிர்பார்ப்பு எதுவும் இல்லாத இடத்தில் ஏமாற்றத்துக்கு வழியில்லையே. மூளை முன்னாலேயே சட்னியை வைத்துக் காத்திருந்ததால்தான் செருப்பில் இடறியது.

எனவே பேச்சாளர் கேட்போருக்குத் தரவேண்டிய முதல் பொருள் தகவல் அல்ல, ஊகிக்க ஓர் இடம். அடுத்து என்ன என்பது முழுக்கத் தெரிந்துவிட்டால் ஓட வேண்டியதில்லை. எதுவுமே பிடிபடாவிட்டால் ஓட முடியாது. பாதி தெரிந்து பாதி தெரியாத மேட்டில்தான் மனம் ஓடும்.

இதை நம் பாட்டிமார்கள் பல்கலைக்கழகம் போகாமலே அறிந்திருந்தார்கள். இருட்டில் கதை சொல்லும்போது 'உம்' கொட்டச் சொல்வார்கள். 'உம்' நின்றுவிட்டால் கதையும் நிற்கும். பிள்ளை தூங்கிவிட்டதா என்று பார்க்கத்தான் அந்த ஏற்பாடு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். 2000ஆம் ஆண்டில் கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பவேலாஸும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோதுதான் அந்த 'உம்' எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கியது. ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பிய சொந்த அனுபவத்தை ஒருவர் சொல்ல வேண்டும், முன்பின் தெரியாத மற்றொருவர் கேட்க வேண்டும். கேட்பவர்களில் சிலரிடம் மட்டும் ரகசியமாக ஒரு வேலை கொடுத்தார்கள்: சொல்பவர் 'டி' (t) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொற்களை எத்தனை முறை பயன்படுத்துகிறார் என்று எண்ணு. எண்ணிக்கொண்டிருந்தவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்கள். ஆனால் பயங்கரமான இடத்தில் கண் விரியவில்லை, 'ஐயோ' வரவில்லை. விளைவு, கதை சொன்னவர்கள் தடுமாறினார்கள். அதுவும் எங்கே? உச்சகட்டத்தில். முடிவு சப்பென்று போயிற்று. சிலர் முடித்த கதையையே மறுபடி மறுபடி முடித்தார்கள். இது ஏன் பெரிய ஆபத்து என்று விளக்கிக்கொண்டிருந்தார்கள். கதையும் அவர்களுடையது, அனுபவமும் அவர்களுடையது. எதிரில் 'உம்' இல்லாததால் அதைச் சொல்லும் திறம் போய்விட்டது.

வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொல்லி நிறுத்தியதும் பக்கத்தில் இருப்பவர்கள் 'ஆமா' போடுகிறார்கள். தெருக்கூத்தில் ராஜா வேடம் வந்ததும் 'நீர் யார், எங்கே வந்தீர்' என்று கட்டியங்காரன் கேட்கிறான். கூட்டத்தின் மனதில் உள்ள கேள்வியை அவன் வாயில் வைத்திருக்கிறார்கள். கேட்பவரின் பங்கை மேடைக்கே ஏற்றிவிட்ட கலைகள் இவை. ஒற்றை ஆள் நின்று நெடுநேரம் பேசும் பிரசங்கம் நம்மிடையே பிற்காலத்தில் பரவிய வடிவம். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைக் கோயிலில் தம் முதல் பிரசங்கத்தைச் செய்தது 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. பிரசங்கம் நமக்குப் பெரும் பேச்சாளர்களைக் கொடுத்தது. ஆனால் அந்த 'ஆமா' போடும் ஆளை மேடையிலிருந்து இறக்கிவிட்டது. அன்றிலிருந்து அந்த வேலையையும் பேச்சாளரே பார்த்தாக வேண்டியிருக்கிறது.

நாவலருக்குச் சில பத்தாண்டுகள் முன்பே லண்டனில் ஒருவர் இந்த வேலையை ஓர் அறிவியலாகவே பயிலத் தொடங்கியிருந்தார். மைக்கேல் ஃபாரடே. மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தவர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். கொல்லர் மகன், பெரிதாகப் பள்ளிப் படிப்பு இல்லை, புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர். 1812இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கப் போனார். குறிப்பெடுத்து, படம் வரைந்து, தன் கையாலேயே கட்டுப்போட்டு டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு டேவி இருந்த ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. வேலையில் சேர்ந்து மூன்றே மாதத்தில், 1813 ஜூனில், பெஞ்சமின் அபாட் என்ற நண்பருக்கு வரிசையாகக் கடிதம் எழுதுகிறார். பொருள், சொற்பொழிவு எப்படி இருக்க வேண்டும் என்பது. அப்போது அவருக்கு வயது 21. ஒரு சொற்பொழிவுகூட ஆற்றியதில்லை. கருவிகளைத் தூக்கிக்கொடுத்தபடி ஓரமாக நின்று, பேசுகிறவரைப் பார்ப்பதோடு கேட்கிறவர்களையும் பார்த்திருக்கிறார். அரங்குக்குள் காற்றோட்டம் எப்படி, வாசல் எங்கே, கருவி கடைசி வரிசைக்குத் தெரிகிறதா, பேச்சாளர் கேட்போருக்கு முதுகு காட்டுகிறாரா என்று எல்லாமே அந்தக் கடிதங்களில் இருக்கிறது. யாராக இருந்தாலும் ஒரு மணி நேரம் போதும் என்பது அவர் தீர்ப்பு.

பிறகு பேச்சுக்கலை ஆசிரியரிடம் பாடம் கேட்டார். அவருக்கு ஒரு குறை: உற்சாகம் வந்தால் வேகம் கூடிவிடும். 'மெதுவாக' என்று கொட்டை எழுத்தில் எழுதிய அட்டை நெடுங்காலம் அவர் மேசையில் இருந்தது. மறந்து வேகமெடுத்தால் உதவியாளர் ஆண்டர்சன் அந்த அட்டையைக் கண்ணெதிரே கொண்டுவந்து வைப்பார். நேரம் முடியப்போகிறது என்பதற்கு இன்னோர் அட்டை. உலகம் போற்றிய பேச்சாளர் தன் குறையை எழுதி முன்னால் வைத்துக்கொண்டு பேசினார் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் மனதைத் தொடும் செய்தி.

ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் ஃபாரடே மொத்தம் 19 தொடர்கள் பேசினார். சிறுவர் சிறுமியருக்கான தொடர்கள் அவை. அவற்றில் பேர்பெற்றது மெழுகுவத்தியைப் பற்றிய ஆறு சொற்பொழிவுகள். 1848இல் ஒரு தடவை, 1860ஆம் ஆண்டுக் கடைசியில் மறுபடி ஒரு தடவை. வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் பார்த்த பொருள். ஆகவே பாதி தெரியும். அந்தப் பாதியைத்தான் அவர் முதலாகப் போட்டார். 1782இல் மூழ்கிய 'ராயல் ஜார்ஜ்' கப்பலிலிருந்து எடுத்த, பல பத்தாண்டுகள் உப்புநீரில் கிடந்த மெழுகுவத்தியை ஏற்றிக் காட்டினார். எரிந்தது. எரியும் மெழுகுவத்தியின் தலையில் கிண்ணம்போல் ஒரு குழி விழுகிறதே, விளிம்பு மட்டும் ஏன் உருகாமல் நிற்கிறது? சுடரின் சூட்டில் காற்று மேலெழும்புகிறது, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து வரும் குளிர்ந்த காற்று மெழுகின் வெளிப்பக்கத்தை உரசிக்கொண்டு போகிறது, அதனால் விளிம்பு கெட்டியாக நிற்க நடுப்பகுதி உருகுகிறது. பிள்ளைகள் ஆயிரம் முறை பார்த்த குழி அது. கேள்வியாக அன்றுதான் பார்த்தார்கள். வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சுடரின் கருத்த நடுப்பகுதிக்குள் நுழைத்தார். மறுமுனையில் வெண்ணிற ஆவி வந்தது. அதற்குத் தீ வைத்தார். சுடருக்கு எட்டத்தில் இன்னொரு சுடர்.

ஃபாரடே விடையை முதலில் சொல்லிவிட்டுச் செய்து காட்டியிருந்தால் அது வித்தையாகியிருக்கும். அவர் ஒவ்வொரு நிகழ்வின் முன்னும் காரணம் என்ன என்று கேட்கப் பழக்கினார். அந்தக் கேள்வி மூளைக்குள் என்ன செய்கிறது என்று இப்போது கொஞ்சம் தெரியும். 2009இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் மின் ஜியோங் காங், காலின் கேமரர் முதலியோர் பொது அறிவுக் கேள்விகளைக் காட்டி, விடை அறிய எவ்வளவு ஆவல் என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஆவல் கூடிய கேள்விகளின்போது, பரிசை எதிர்பார்க்கையில் கிளரும் 'காடேட்' பகுதி கிளர்ந்தது. பசித்தவனுக்கு இலை போட்டதுபோல. அந்தக் கேள்விகளின் விடைகள்தான் ஓரிரு வாரம் கழித்தும் நினைவில் நின்றன. ஆவல் உச்சத்தில் இருந்தது எப்போது? முழுதாகத் தெரிந்தபோதும் இல்லை, சுத்தமாகத் தெரியாதபோதும் இல்லை. தெரிந்த மாதிரியும் தெரியாத மாதிரியும் இருந்த நடு இடத்தில். அந்தக் கட்டுரைக்கு அவர்கள் வைத்த தலைப்பு, கற்றல் என்னும் மெழுகுவத்தியின் திரி என்று பொருள்படுவது. 2014இல் கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்து மத்தியாஸ் குரூபர் குழு இன்னும் ஒரு படி போனது. விடைக்காகக் காத்திருக்கும் சில நொடிகளில் சம்பந்தமே இல்லாத ஒரு முகத்தைக் காட்டினார்கள். ஆவலோடு காத்திருந்தபோது பார்த்த முகங்கள் நினைவில் கூடுதலாக நின்றன. ஆவல் திறந்த கதவு வழியே பக்கத்தில் நின்றதும் உள்ளே வந்துவிடுகிறது.

இதை என் சொந்த வேலையில் தாமதமாகத்தான் கற்றேன். ஃபாரடேயின் ஒரு செய்முறை எல்லோரும் செய்யக்கூடியது. எரியும் மெழுகுவத்தியை ஊதி அணைத்ததும் திரியிலிருந்து வெள்ளைக் கோடாக ஒன்று எழும்பும். திரியைத் தொடாமல், ஒரு விரற்கடை மேலே அந்தக் கோட்டில் எரியும் தீக்குச்சியைக் காட்டினால், தீ அந்தக் கோடு வழியே கீழே தாவித் திரியைப் பற்றிக்கொள்ளும். மின்விசிறியை நிறுத்தவேண்டும், அவ்வளவுதான். பல ஆண்டுகள் இதைப் பள்ளிகளில் செய்து காட்டிப் பலத்த கைதட்டு வாங்கினேன். ஒரு பள்ளிக்கு மாதம் கழித்து மறுபடி போனபோது, அன்று என்ன பார்த்தீர்கள் என்றேன். "மேஜிக் காட்டினீங்க சார்" என்றார்கள். காரணம் ஒருவருக்கும் நினைவில்லை. நான் விளக்கியிருந்தேன், கைதட்டுக்குப் பிறகு.

ஹார்வர்டில் கேத்தரின் கிரவுச், எரிக் மாசூர் முதலியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு என் கண்ணைத் திறந்தது. இயற்பியல் வகுப்பில் செய்முறையை வெறுமனே பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்கவே பார்க்காதவர்களைவிடச் சொல்லும்படி ஒன்றும் கூடுதலாகப் புரிந்துகொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டி ஊகித்து எழுதிவிட்டுப் பார்த்தவர்கள் தெளிவாகக் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். ஊகிக்க எடுத்த நேரமும் அதிகமில்லை, இரண்டொரு நிமிடம்.

அதன்பின் தஞ்சை மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில், அணைத்த மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு குச்சியைக் கிழிக்காமல் நின்றேன். இந்தப் புகையில் நெருப்பைக் காட்டினால் என்ன ஆகும்? குச்சி அணைந்துவிடும் என்று பாதிப் பேர் கை தூக்கினார்கள். ஒன்றும் ஆகாது என்று மீதிப் பேர். மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி மட்டும் எழுந்தாள். "எங்க வீட்டுல மண்ணெண்ணெய் விளக்க ஊதுனா மண்ணெண்ணெய் வாடைதான் சார் வரும். இதுல மெழுகு வாடை வருது. அப்ப இது புகை இல்ல சார், மெழுகு" என்றாள். வகுப்பு முழுவதும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தது. இப்போது குச்சியைக் கிழித்தேன். தீ கீழே தாவியபோது யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் திரும்பி அந்தச் சிறுமியைப் பார்த்தார்கள். அன்று நான் விளக்க வேண்டியது ஏதும் மிச்சமில்லை.

கேட்போரைக் கட்டிப்போடுவதும் அவர்களுக்கு ஒன்றை உணர்த்துவதும் ஒன்றேதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1970இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது; 1973இல் கட்டுரையாக வந்தது. டாக்டர் மைரன் ஃபாக்ஸ் என்று அறிமுகப்படுத்தப்பட்ட ஒருவர் மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாடு பற்றிப் பேசினார். கேட்டவர்கள் மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், கல்வியாளர்கள். பேச்சில் முரண்பாடுகளும் பொருளற்ற சொற்களும் வேண்டுமென்றே திணிக்கப்பட்டிருந்தன. பேசியவர் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகர்; அந்தத் துறையில் அவருக்கு ஒன்றும் தெரியாது. கம்பீரம், நகைச்சுவை, கனிவு எல்லாம் இருந்தன. கேட்டவர்களில் பெரும்பாலோர் சிந்தனையைத் தூண்டிய பேச்சு என்று எழுதிக்கொடுத்தார்கள். 2013இல் ஷானா கார்ப்பென்டர் குழு செய்ததும் இதை ஒத்ததே. மூன்று நிறப் பூனைகள் ஏன் ஏறக்குறைய எப்போதும் பெண்ணாகவே இருக்கின்றன என்ற பாடத்தை ஒரே ஆசிரியர் இரண்டு விதமாகச் சொன்ன காணொளிகள். ஒன்றில் நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்துச் சரளமாகச் சொன்னார். மற்றொன்றில் குனிந்து குறிப்பைப் பார்த்துத் தடுமாறினார். சரளப் பேச்சைக் கேட்டவர்கள் நிறையக் கற்றுவிட்டதாக நம்பினார்கள். தேர்வில் இரு தரப்பும் ஒரே மாதிரிதான் எழுதினார்கள்.

இடையிடையே துணுக்கும் ஜோக்கும் சொன்னால் கூட்டம் கலையாது என்று ஆலோசனை சொல்பவர்களுக்கும் ஆய்வில் பதில் இருக்கிறது. மின்னல் எப்படி உருவாகிறது என்ற பாடத்தில், மின்னல் தாக்கியவர்கள் பற்றிய சுவையான ஆனால் பாடத்துக்கு வேண்டாத செய்திகளை ஷானன் ஹார்ப்பும் ரிச்சர்ட் மேயரும் 1998இல் சேர்த்துப் பார்த்தார்கள். சேர்க்காத பாடத்தைப் படித்தவர்களே மின்னலின் காரணத்தை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். துணுக்கு மனதை வேறு தடத்தில் ஓடவிட்டுவிடுகிறது. துணுக்கு கூடாது என்பது என் கட்சியல்ல. அது கேள்வியின் பக்கம் ஓடுகிற துணுக்காக இருக்கட்டும். ராயல் ஜார்ஜ் மெழுகுவத்தியும் துணுக்குதானே. அது மெழுகு எவ்வளவு கெட்டியான எரிபொருள் என்ற பாடத்துக்குள்ளேயே எரிந்தது.

கடைசியாக அரங்கு. ஃபாரடே 21 வயதில் காற்றோட்டத்தைப் பற்றிக் கவலைப்பட்டார். மெழுகுவத்தித் தொடரின் ஆறாம் சொற்பொழிவில் அந்தக் கவலையின் வேதியியல் வருகிறது. மெழுகுவத்தி எரிவதும் நாம் மூச்சு விடுவதும் ஒரே வேலை. இரண்டும் கரியை எடுத்து, உயிர்வளியோடு சேர்த்து, கார்பன் டை ஆக்சைடாக வெளியே விடுகின்றன என்று அன்று காட்டினார். மூடிய மண்டபத்தில் 300 பேர் என்றால் 300 மெழுகுவத்திகள் எரிகின்றன. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கிறது. கூட்டம் நிறைந்த மூடிய அறையில் இது 2,000 பங்கைத் தாண்டுவது சாதாரணம். 2012இல் உஷா சதீஷும் உடன் ஆய்வாளர்களும் 2,500 பங்கு அளவில் முடிவெடுக்கும் திறன் தெளிவாகக் குறைவதாகக் கண்டார்கள். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை என்றாலும், புழுங்கும் கூடத்தில் கண் சொக்குவதற்குப் பேச்சாளரை மட்டும் குறை சொல்ல முடியாது.

ராயல் இன்ஸ்டிடியூஷனின் வெள்ளி மாலைச் சொற்பொழிவுகளில் ஒரு மரபு இருக்கிறது. மணி அடித்ததும் பேச்சாளர் உள்ளே வந்து நேரே பொருளுக்குள் இறங்கிவிடுவார். வணக்கம், வரவேற்பு எதுவும் கிடையாது. ஒரு மணி நேரத்தில் முடியும். நம் மேடைகளில் 'அவர்களே, அவர்களே' என்று பத்துப் பதினைந்து பெயர் சொல்லி முடிப்பதற்குள் பன்ஸ் கணக்கிட்ட முதல் அலை வந்துபோயிருக்கும். கவனிக்காத காதில் விழுந்தாலும் சொந்தப் பெயர் மனதைத் தட்டும் என்று நெவில் மோரே 1959இல் காட்டினார். அப்படிப் பார்த்தால் அந்தப் பட்டியல் தட்டி எழுப்புவது பட்டியலில் உள்ளவர்களை மட்டும்தான். கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அதில் ஓடிப்போய் நிற்க ஒரு வாசல் இல்லை. கூட்டம் நடத்தும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: எல்லோருக்கும் சேர்த்து ஒரே வணக்கம் சொல்லுங்கள். பொன்னாடைகளைப் பேச்சு முடிந்தபின் போர்த்துங்கள். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

கேட்கப் போகிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பேசுகிறவர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தன் அடுத்த வாக்கியத்தை எடுக்கிறார். புரிந்த இடத்தில் தலையை அசையுங்கள், புரியாத இடத்தில் புருவத்தைச் சுருக்குங்கள், தோன்றினால் 'உம்' கொட்டுங்கள். தூண் மறைக்கும் கடைசி வரிசையிலிருந்து இதைச் செய்ய முடியாது. முன்வரிசை எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காருங்கள்.